கைக்கேற்ற பிஸ்டல் எது? பின்னுதைப்பைக் கையாள ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் முதன்முறையாகத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைகிறவரின் கை சிறியதாக இருந்தாலோ, அவர் பெண்ணாக இருந்தாலோ, விற்பனையாளர் கண்ணாடிப் பேழையிலிருந்து எடுத்து நீட்டுவது பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறிய பிஸ்டலாகவோ, ஐந்து தோட்டாக்கள் மட்டுமே கொள்ளும் இலேசான ரிவால்வராகவோ இருக்கும். கையில் வாங்கிப் பார்க்கும்போது அது இதமாகத்தான் இருக்கும். எடை தெரியாது, விரல்கள் எளிதில் சுற்றி வளைந்துகொள்ளும், கைப்பையிலும் அடங்கும். அதே துப்பாக்கியைச் சுடுதளத்துக்கு எடுத்துச் சென்று சில தோட்டாக்களைச் சுடுவதற்குள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை சிவந்து, அடுத்த முறை விசையை அழுத்தக் கை தானாகவே தயங்கத் தொடங்கிவிடும். சுமப்பதற்கு வசதியான துப்பாக்கி வேறு, சுடுவதற்கு வசதியான துப்பாக்கி வேறு. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுப்பவை. முதல் துப்பாக்கியை வாங்க நினைப்பவர் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பணமும் பாதி வலியும் மிச்சம்.

உதை எங்கிருந்து வருகிறது

தோட்டா வெடிக்கும்போது குண்டும், அதன் பின்னால் பாயும் வாயுவும் முன்னோக்கிப் பெறும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. இதைத் தவிர்க்க எந்தத் தயாரிப்பாளராலும் முடியாது. வழக்கமான 9 எம்.எம். (குண்டின் விட்டம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர்) பயிற்சித் தோட்டாவில் 115 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 7.5 கிராம் எடையுள்ள குண்டு இருக்கும். அது நொடிக்கு 350 மீட்டர் அளவு வேகத்தில் வெளியேறுகிறது. வாயுவின் பங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால், துப்பாக்கி ஏற்கும் உந்தம் ஏறத்தாழ 3 கிலோகிராம்-மீட்டர்/நொடி. துப்பாக்கி கனமானதோ இலேசானதோ, இந்த உந்தம் பெரிதாக மாறாது. ஆனால் துப்பாக்கி பின்னோக்கிப் பாயும் வேகமும், அதனால் கை வாங்கிக்கொள்ளும் ஆற்றலும் எடையைப் பொறுத்தவை. எடை பாதியானால் உதையின் ஆற்றல் இரட்டிப்பாகிறது.

மெய்யான துப்பாக்கிகளை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தோட்டா நிரப்பிய கிளாக் 19 என்னும் நடுத்தர அளவுப் பிஸ்டல் ஏறத்தாழ 850 கிராம் இருக்கும். மேற்சொன்ன தோட்டாவுக்கு அதன் உதை 5 ஜூலுக்குச் சற்று மேல். 2018இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்ற சிக் சாவர் பி365, தோட்டா நிரப்பிய நிலையில் 620 கிராம் அளவுதான். குழல் குட்டையாக இருப்பதால் குண்டின் வேகம் சிறிது குறைந்தும்கூட, அதன் உதை 6.5 ஜூலை எட்டிவிடுகிறது. இப்போது, பெயரைக் கேட்டாலே புதியவர்கள் அஞ்சும் .45 ஏசிபி தோட்டாவை (விட்டம் ஏறத்தாழ 0.45 அங்குலம்) எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு 230 கிரெய்ன், ஏறத்தாழ 15 கிராம், 9 எம்.எம். குண்டைப்போல இருமடங்கு எடை. அதைச் சுடும் '1911' என்னும் வகையைச் சேர்ந்த முழு அளவு எஃகுப் பிஸ்டல் தோட்டாவுடன் சேர்ந்து 1.3 கிலோவை நெருங்குவதால், அதன் உதை 7 ஜூல் அளவிலேயே நின்றுவிடுகிறது. பூதம்போலத் தெரியும் .45உம், சட்டைப்பைக்கு ஏற்ற 9 எம்.எம்.மும் கைக்குக் கொடுக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதைக் கடைக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை.

மறுகோடியில் இருப்பவை, 350 கிராமுக்கும் குறைவான எடையுள்ள ஸ்கேண்டியம் உலோகக் கலவை ரிவால்வர்கள். அவற்றில் .357 மேக்னம் தோட்டாவைச் சுட்டால் உதை 20 ஜூலைத் தாண்டும். பழகியவர்களே ஐந்து தோட்டாவுக்குப் பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறிக்கொள்வார்கள். அதே வகைத் துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போட்டுச் சுடலாம் என்பதும், அதன் உதை வெகுவாகக் குறைவு என்பதும் ஓர் ஆறுதல். .22 எல்.ஆர். தோட்டாவைச் சுடும் ரூகர் மார்க் 4 போன்ற கனத்த பிஸ்டலின் உதையோ அரை ஜூல்கூட இல்லை.

ஆற்றல் மட்டுமே எல்லாம் இல்லை. அந்த ஆற்றல் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு பரப்பில் கைக்கு வந்து சேர்கிறது என்பதும் முக்கியம். .40 எஸ்&டபிள்யூ தோட்டா 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை அழுத்தம் கொண்டது; .45 ஏசிபி 21,000 மட்டுமே. ஆகையால் முன்னது சுருக்கென்று வெட்டுவதுபோலவும், பின்னது மெதுவாகத் தள்ளுவதுபோலவும் பலருக்குப் படுகிறது. குறுகிய கைப்பிடி அதே ஆற்றலைச் சதையின் ஒரு கீற்றில் குவிக்கும். அகன்ற கைப்பிடி அதை உள்ளங்கை முழுவதும் பரப்பும். குழலின் அச்சு கைக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்குத் துப்பாக்கியின் வாய் மேல்நோக்கி எழும். கிளாக் துப்பாக்கிகளில் இந்த உயரம் குறைவு, சிக் சாவரின் பழைய பி226 போன்றவற்றில் கூடுதல். வால்தர் பிபிகே போல, குழல் அசையாமல் ஸ்லைடின் (பிஸ்டலின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதி) எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்கும் பழைய அமைப்பில், .380 போன்ற மென்மையான தோட்டாகூடக் கூர்மையாக உதைக்கும். குழலும் ஸ்லைடும் முதலில் பூட்டிக்கொண்டு பிறகு விலகும் அமைப்புள்ள அதே அளவு புதிய பிஸ்டல்கள் அதைவிட இதமானவை.

இதையெல்லாம் வெறும் சொகுசுப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தன் அலுவலர்கள் இருவரை இழந்த எஃப்.பி.ஐ., 9 எம்.எம். போதாது என்று முடிவுசெய்து வலிமையான 10 எம்.எம். தோட்டாவுக்கு மாறியது. அதன் உதையும் அந்தத் துப்பாக்கியின் பருமனும் பலருக்கு ஒத்துவராமல் போகவே, அந்தத் தோட்டாவின் கூட்டை (வெடிமருந்து இருக்கும் உறையை) குறுக்கி 1990இல் .40 எஸ்&டபிள்யூ பிறந்தது; எஃப்.பி.ஐ.யும் பின்னர் அதை ஏற்றது. அதன்பின் 2016இல் மீண்டும் 9 எம்.எம். கிளாக் பிஸ்டல்களையே வாங்க ஒப்பந்தம் செய்தது. குறைந்த உதையுள்ள துப்பாக்கியால் பெரும்பாலானோர் விரைவாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பது அந்த மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. பயிற்சி பெற்ற அலுவலர்களுக்கே இப்படி என்றால், மாதம் ஒருமுறை சுடுதளம் செல்கிறவர் உதையைப் பொறுத்துக்கொள்வதில் வீரம் காட்ட எந்தக் காரணமும் இல்லை.

கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் முறை

கடையில் எந்தத் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தாலும், முதலில் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை) கழற்றி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, குழலின் அறைக்குள் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரல் நுனியாலும் உறுதிசெய்ய வேண்டும். விற்பனையாளர் பார்த்துவிட்டார் என்பது காரணமாகாது. துப்பாக்கியின் வாய் எந்த மனிதரை நோக்கியும் திரும்பக் கூடாது என்பதும், சுட முடிவுசெய்யும் வரை விரல் விசையைத் தொடக் கூடாது என்பதும் கடையின் மேடை முன்னாலும் பொருந்தும்.

பிறகு, சுடும் கையால் கைப்பிடியை எட்டும் அளவுக்கு மேலே பற்றி, துப்பாக்கியை நேரே நீட்டி, மேலிருந்து பார்க்க வேண்டும். குழலும் முன்கையின் எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இந்நிலையில் ஆள்காட்டி விரலின் முதற்கணுவின் சதைப்பற்று, வளைந்தபடி, விசையின் நடுவில் படிந்தால் அந்தத் துப்பாக்கி பொருந்துகிறது. விரல்நுனி மட்டுமே எட்டி, விசையை அடைவதற்காகக் கையைப் பக்கவாட்டில் திருக வேண்டியிருந்தால் அது பெரியது. அப்படிச் சுடும்போது உதை முன்கைக்குள் நேராகச் செல்லாமல் கட்டைவிரலின் அடிமூட்டில் வந்து இடிக்கும், சில வாரங்களில் அந்த மூட்டு வலிக்கத் தொடங்கும். விரல் விசையைத் தாண்டி இரண்டாம் கணுவரை உள்ளே போய்விட்டால் அது சிறியது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது சுண்டுவிரல். கைப்பிடியின் அடியில் அதற்கு இடமில்லாமல் அது காற்றில் தொங்கினால், கையின் பிடிமானத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது, துப்பாக்கி ஒவ்வொரு முறையும் உள்ளங்கைக்குள் சுழலும். இதற்காகவே பல சிறிய பிஸ்டல்களுக்கு அடிப்பகுதி நீண்ட மேகசின்கள் விற்கின்றன. சில டாலர்களில் தீரும் குறை இது. கைப்பிடியின் சுற்றளவையும் பார்க்க வேண்டும். தோட்டாக்கள் இரு வரிசையாக அடுக்கப்படும் மேகசின் உள்ள துப்பாக்கியின் கைப்பிடி தடித்தும், ஒற்றை வரிசை உள்ளதன் கைப்பிடி மெலிந்தும் இருக்கும். கைப்பிடியின் பின்பக்கத் தகட்டை மாற்றிக்கொள்ளும் வசதி இப்போது கிளாக், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி, வால்தர், ஹெக்லர் அண்ட் கோக் என்று பெரும்பாலான தயாரிப்புகளில் வந்துவிட்டது; பெட்டியில் இருக்கும் மூன்று நான்கு தகடுகளையும் கடையிலேயே மாட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஹெக்லர் அண்ட் கோக் விபி9 பக்கத் தகடுகளைக்கூடத் தனித்தனியே மாற்ற விடுகிறது.

அளவு வகைகளைச் சுருக்கமாகச் சொல்வதானால், கிளாக் வரிசையே போதுமான எடுத்துக்காட்டு. 17 முழு அளவு, குழல் 114 மில்லிமீட்டர், 19 நடுத்தரம், குழல் 102, 26 குட்டை, 43 குட்டையும் மெலிவும். பெரும்பாலான பெரியவர்களின் கைக்கு, முதல் துப்பாக்கியாக 19 அல்லது 17 அளவில் உள்ள ஒரு 9 எம்.எம். பிஸ்டல் பொருந்தும் என்பது என் துணிபு. நீண்ட குழல் என்பது முன்னால் கூடுதல் எடை, குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே கூடுதல் தூரம், முகத்துக்கு அருகே குறைந்த வெடிச்சத்தம் என்று மூன்று நன்மைகளை ஒரே நேரத்தில் தருகிறது. ரூகர் எல்.சி.பி. போன்ற 300 கிராமுக்கும் குறைந்த .380 பிஸ்டல்கள், ஏற்கெனவே நன்றாகச் சுடத் தெரிந்தவர் மறைத்து எடுத்துச் செல்வதற்காக உருவானவை. அவற்றில் சுடக் கற்றுக்கொள்ள முயல்வது வீண் துன்பம்.

ஸ்லைடை இழுக்க வலுவில்லை என்பதற்காகவே பலர் ரிவால்வரை நோக்கிப் போகிறார்கள். ஆனால் சிறிய ரிவால்வரின் விசையை அழுத்த 12 பவுண்டு அளவு வலு வேண்டியிருக்கும் என்பதை வாங்கிய பிறகுதான் உணர்கிறார்கள். ஸ்லைடை இழுப்பதில் பெரும்பாலும் முறைதான் பிழை, வலு அல்ல. துப்பாக்கியை நீட்டிய கையில் வைத்துக்கொண்டு இரு விரலால் கிள்ளி இழுப்பதற்குப் பதிலாக, அதை மார்புக்கு அருகே கொண்டுவந்து, வாய் இலக்கின் பக்கமே இருக்க, இடக்கையின் நான்கு விரல்களையும் ஸ்லைடின் மேல் கவித்து இறுகப் பற்றி, வலக்கையால் துப்பாக்கியை முன்னோக்கித் தள்ள வேண்டும். தள்ளுவது வலக்கை, இடக்கை வெறுமனே எதிர்த்து நிற்கிறது. ஸ்லைடு கடைசிவரை வந்ததும் சட்டென்று விட்டுவிட வேண்டும், கூடவே கொண்டுபோய் விடக் கூடாது. மூட்டுவாதம் போன்ற காரணத்தால் அதுவும் முடியாதவருக்கு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி வரிசை இதற்கென்றே மென்மையான ஸ்பிரிங்குடன் செய்யப்பட்டிருக்கிறது.

வாங்குமுன் சுட்டுப் பார்ப்பது

அமெரிக்காவின் வணிகச் சுடுதளங்கள் பலவற்றில் துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்துச் சுடலாம். கடையில் பிடித்துப் பார்ப்பதால் தெரியாதது அங்கே முதல் இருபது தோட்டாக்களில் தெரிந்துவிடும். ஆனால் ஒரு சட்டச் சிக்கலை நம்மவர்கள் பலர் அறியாமலே கடந்துபோகிறார்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமற்ற விசாவில் அனுமதிக்கப்பட்டவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாவிட்டால், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்கிறது கூட்டரசுச் சட்டம். சுடுதளத்தில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பதும் அதில் அடங்கும். நண்பரின் துப்பாக்கியை ஒருமுறை சுட்டுப் பார்த்துப் படம் எடுத்துப் போடுவது குடியேற்ற நிலையையே பாதிக்கக்கூடிய செயல். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி. கனடாவில் 2022 அக்டோபர் முதல் கைத்துப்பாக்கிகளின் விற்பனையும் கைமாற்றமும் முடக்கப்பட்டுள்ளன. இந்தியாவில் 9 எம்.எம். பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை, உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் .32இல்தான் நிற்கிறார்கள்.

முதன்முதலில் சுடுகிறவருக்கு, மேகசினில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் போட்டுக் கொடுக்க வேண்டும். உதையில் துப்பாக்கி மேலே எழும்போது, பழக்கமில்லாத கை பதறி மீண்டும் இறுகி, விசையை இரண்டாம் முறை அழுத்திவிடுவது உண்டு. அப்போது குழல் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. 2014 ஆகஸ்டில் அரிசோனாவின் ஒரு சுடுதளத்தில், ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் தொடர்ச்சியாகச் சுடும் நிலையில் இருந்த உஸி (Uzi) என்னும் இயந்திரத் துப்பாக்கி உதையில் எழும்பித் திரும்பியதில், பக்கத்தில் நின்ற பயிற்றுநர் உயிரிழந்தார். அது பிஸ்டல் அல்ல என்றாலும், கையின் அளவுக்கும் உதைக்கும் உள்ள உறவை அதைவிடக் கொடுமையாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

பிடிக்கும் முறை

குண்டு குழலைவிட்டு வெளியேற ஒரு மில்லிநொடிகூட ஆவதில்லை. மனிதன் எதற்கும் எதிர்வினை காட்ட அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் நேரம் வேண்டும். ஆகவே உதையைத் தசையின் வலுவால் தடுத்து நிறுத்துவது என்பதே நடவாத காரியம். அப்படித் தடுக்க முயல்கிறவர் உண்மையில் குண்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கியைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கிறார். துப்பாக்கி எழட்டும். எழுந்தது புறப்பட்ட இடத்துக்கே தானாகத் திரும்பி வரும்படி எலும்பும் மூட்டும் அமைந்திருக்க வேண்டும், அவ்வளவே நாம் செய்யக்கூடியது. வலக்கைக்காரரை மனத்தில் வைத்து இனி எழுதுகிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வளைவை, கைப்பிடியின் பின்புறத்தில் ஸ்லைடுக்குக் கீழே வால்போல் நீண்டிருக்கும் பகுதிக்கு அடியில், இனி மேலே போக இடமில்லை என்னும் அளவுக்கு ஏற்றி வைக்க வேண்டும். சரியாக வைத்தால் அங்கே சதை சற்று மடிந்து ஒரு சிறு சுருக்கம் தெரியும். கைக்கும் அந்த வாலுக்கும் நடுவே விரலளவு இடைவெளி இருந்தாலும், குழல் அவ்வளவு உயரத்தில் நின்று நெம்புகோலாக வேலை செய்யும். மற்ற மூன்று விரல்களும் விசைக்காப்பு வளையத்துக்குக் கீழே ஒட்டிப் படிய வேண்டும்.

இப்போது கைப்பிடியின் இடப்பக்கத்தைப் பார்த்தால், வலக்கை விரல்களின் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வெறுமையாக ஒரு பகுதி தெரியும். இடக்கையின் அடிச்சதை அந்த வெறுமையை முழுவதும் நிரப்ப வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, இடக்கையைக் கிண்ணம்போல் மேகசினுக்கு அடியில் ஏந்தி வைப்பது; அது எடையைத் தாங்குகிறதே தவிர உதைக்கு எந்தத் தடையும் தருவதில்லை. அடிச்சதை படிந்த பிறகு இடக்கை விரல்கள் வலக்கை விரல்களின் மேல் சுற்றி, இடது ஆள்காட்டி விரல் விசைக்காப்பு வளையத்தின் அடியில் இறுக ஒட்டி நிற்க வேண்டும். இடது மணிக்கட்டை முன்னும் கீழுமாகச் சாய்த்தால் அந்த மூட்டு பூட்டிக்கொள்ளும். இரு கட்டைவிரல்களும் இலக்கை நோக்கி, ஒன்றின் கீழ் ஒன்றாக, ஸ்லைடை அழுத்தாமல் கிடக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. திரைப்படங்களில் காண்பதுபோல் இடது கட்டைவிரலை வலக்கையின் பின்னால் குறுக்காக வைத்தால், பின்னோக்கிப் பாயும் ஸ்லைடு அந்த விரலைக் கிழித்துவிடும். ரிவால்வரில் கட்டைவிரல்களை முன்னால் நீட்டவே கூடாது. சுழல் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கிலிருந்து பீறிடும் வாயு தோலைச் சுட்டு அறுக்கும். ரிவால்வருக்குக் கட்டைவிரல்களைக் கீழே மடக்கிப் பூட்டுவதே முறை.

எவ்வளவு இறுக்குவது என்பதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஆணி அடிக்கும்போது சுத்தியலைப் பிடிக்கும் இறுக்கம் வலக்கைக்குப் போதும். இடக்கை அதைவிடக் கூடுதலாக இறுக்கலாம். வலக்கை முழு வலுவோடு இறுகினால் ஆள்காட்டி விரலும் சேர்ந்து விறைத்து, விசையை நேராகப் பின்னுக்கு இழுக்க முடியாமல் போகும். முன்குறி நடுங்கத் தொடங்கினால் இறுக்கம் அதிகம் என்று பொருள். மறுபுறம், மணிக்கட்டு தளர்ந்திருந்தால் தானியங்கிப் பிஸ்டல் வேலை செய்வதே தடைப்படும். ஸ்லைடு பின்னோக்கிச் செல்ல, கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டகம் உறுதியாக நிற்க வேண்டும். அது கையோடு சேர்ந்து பின்வாங்கினால் ஸ்லைடு முழுத்தூரம் போகாமல், காலிக்கூடு வெளியேறும் வழியில் நட்டுக்குத்தலாகச் சிக்கிக்கொள்ளும். இலேசான துப்பாக்கிகளில் இது அடிக்கடி நேர்வதால், நல்ல துப்பாக்கியைக் கெட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

நிற்கும் நிலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கால்கள் தோளகலம், இடக்கால் சற்று முன்னே, முழங்கால்கள் இளகி, முழங்கைகள் முழுதும் விறைக்காமல், தோள்கள் இடுப்பைவிடச் சிறிது முன்னால். கையில் துப்பாக்கியை நீட்டியதும் உடல் தன்னறியாமல் பின்னோக்கி வளைவதுதான் பெரும்பாலோரிடம் காணும் பிழை. சத்தத்திலிருந்து முகத்தை விலக்கிக்கொள்ளும் இயல்பான அச்சம் அது. பின்னால் சாய்ந்து நிற்கிறவரை ஒவ்வோர் உதையும் குதிகாலுக்குத் தள்ளும், அடுத்த குண்டுக்கு அவர் மறுபடியும் நின்று நிதானிக்க வேண்டியிருக்கும்.

எதிர்பார்ப்பினால் வரும் நடுக்கம்

வலக்கைக்காரரின் குண்டுகள் இலக்கின் நடுவைவிட்டு இடப்பக்கம் கீழே தொடர்ந்து விழுந்தால், குறிகளைத் திருத்துவதற்கு முன் கையைச் சந்தேகிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி, வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்களை உண்மைத் தோட்டாக்களோடு கலந்து, வேறொருவரிடம் கொடுத்து மேகசினை நிரப்பச் சொல்வது. எது எப்போது வரும் என்று சுடுகிறவருக்குத் தெரியாது. போலித் தோட்டா வரும்போது வெடி இருக்காது, வெறும் 'டிக்' என்ற ஒலி. அந்த நொடியில் துப்பாக்கியின் வாய் தலைகுனிவதை அவரே கண்ணால் பார்ப்பார். இரண்டு மூன்று முறை அப்படிக் குனிவதைப் பார்த்தபின், கை தானாகவே அடங்கத் தொடங்கும். விசையை ஒரே சீராக அழுத்திக்கொண்டே போய், அது எந்தக் கணத்தில் வெடிக்கும் என்று நமக்கே சரியாகத் தெரியாதபடி விடுவதே இதற்கு மருந்து.

நடுக்கத்தின் பெரும்பங்கு உதையால் வருவதில்லை, சத்தத்தால் வருகிறது. கைத்துப்பாக்கியின் வெடி 140 டெசிபலைத் தாண்டும். உள்ளரங்கச் சுடுதளத்தில் சுவர்கள் அதைத் திருப்பி அனுப்பும். காதுக்குள் நுரைத் தக்கையும், அதன் மேல் காதுமூடியும் ஆக இரண்டையும் அணிந்து சுட்டுப் பார்த்தால், 'உதை குறைந்துவிட்டது' என்று பலர் வியப்பதைக் காணலாம். செலவு குறைந்த திருத்தங்களில் இதற்கு இணையானது வேறில்லை.

வீட்டில் தோட்டா இல்லாமல் பழகுவதும் பெரும்பயன் தரும். பழகும் அறைக்குள் எங்குமே ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது, துப்பாக்கியை இருமுறை சோதிக்க வேண்டும், குண்டு துளைக்காத சுவரை நோக்கியே பழக வேண்டும். முன்குறியின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அழுத்தப் பழகலாம். இக்காலத்து 9 எம்.எம். பிஸ்டல்கள் பெரும்பாலும் இதைத் தாங்கும்; .22 துப்பாக்கிகளில் பலவற்றுக்கு தோட்டா இல்லாமல் விசையை அழுத்துவது, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியைக் கெடுக்கும் என்பதால் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

தோட்டாவும் சில துணைக்கருவிகளும்

9 எம்.எம்.மிலேயே 115, 124, 147 கிரெய்ன் என்று குண்டின் எடை மாறும். 147 கிரெய்ன் குண்டு ஒலியின் வேகத்தைவிட மெதுவாகச் செல்வதால் வெடிச்சத்தமும் சுருக்கென்ற உணர்வும் குறைவு என்று பலர் அதை விரும்புகிறார்கள். பெட்டியில் +பி என்று அச்சிட்டிருந்தால் அழுத்தம் கூடியது என்று பொருள். பயிற்சிக்கு அது தேவையில்லை, பழைய துப்பாக்கிகளுக்கு ஆகவும் ஆகாது. ரிவால்வர்களுக்குக் கைப்பிடியின் பின்முதுகையும் மூடும் ரப்பர் பிடி கிடைக்கிறது. உலோகம் நேராகச் சதையில் இடிப்பதை அது தடுக்கும். குழலின் முனையில் வாயுவை மேல்நோக்கித் திருப்பும் கருவி துப்பாக்கியின் எழுச்சியைக் குறைக்கும் என்பது உண்மையே, ஆனால் சத்தத்தைக் கூட்டும்; பிடி சரியாகும் முன் அதில் பணத்தைப் போடுவது வீண்.

வாய்ப்பிருந்தால் .22இல் தொடங்குவதே நல்லது. தோட்டாவின் விலை குறைவு, உதை இல்லை என்றே சொல்லலாம், விசையையும் குறிகளையும் கவனிக்க மனத்துக்கு இடம் கிடைக்கிறது. பிறகு 9 எம்.எம்.முக்கு மாறினாலும், ஒவ்வொரு முறையும் .22இல் தொடங்கி, நடுவில் 9 எம்.எம். சுட்டு, மறுபடி .22இல் முடித்தால் கெட்ட பழக்கம் ஒட்டாது. ஒரு நாளுக்கு 50 தோட்டா, மிஞ்சினால் 100 போதும். இலக்கில் குண்டுகள் விழும் இடங்கள் சிதறத் தொடங்கினால், அல்லது துப்பாக்கியைத் தூக்கும்போதே தோள் கனத்தால், மீதித் தோட்டாவைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். களைத்த கை பழகுவது பிழையை மட்டுமே. சுட்ட மறுநாளும் மணிக்கட்டோ கட்டைவிரல் மூட்டோ வலித்தால், துப்பாக்கியின் அளவையும் பிடியையும் மீண்டும் சோதிக்க வேண்டும்; வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கும்வரை 9 எம்.எம்.மை ஒதுக்கி வைக்க வேண்டும்.